முகாம் வீட்டில் யார் எந்த நாட்டுக்காரர்? காகிதம் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கீழ்புதுப்பட்டிலோ ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தால், "உங்களுக்குக் குடியுரிமை கிடைக்குமா" என்ற கேள்விக்கு ஐந்து பதில்கள் இருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர் வீட்டுக்கு ஒரு மனு, முகாமுக்கு ஒரு மனு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சட்டம் குடும்பத்தைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகப் பார்க்கிறது. அதனால் நாமும் ஆள் ஆளாகத்தான் உட்கார்ந்து பார்க்கவேண்டும். முகாமில் இருக்கும் இளைஞர்களுக்காகவும், அவர்களோடு சேர்ந்து ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கும் நம் கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகதிகள் பற்றிய 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, நாடற்றவர்கள் பற்றிய 1954, 1961 உடன்படிக்கைகளிலும் இல்லை. ஆகவே "நான் அகதி, எனக்கு இந்த உரிமை உண்டு" என்று ஒரு தனிச் சட்டத்தைத் தூக்கிக் காட்ட முடியாது. கையில் இருப்பது 1955 குடியுரிமைச் சட்டம், 2025 குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், மாநில அரசின் உத்தரவுகள், அவ்வப்போது வரும் நீதிமன்றத் தீர்ப்புகள், அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, 7,469 வீடுகளைக் கட்டித் தருவதாக அறிவித்தது, 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம்தான். ஆனால் குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது, வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வந்ததால் யாரும் குடிமகன் ஆகிவிடவில்லை.

சரி, வேலையைத் தொடங்குவோம். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு தாள் எடுங்கள். பிறந்த தேதி, பிறந்த இடம், இந்தியாவுக்குள் வந்த தேதி, படகா விமானமா, வந்தபோது பாஸ்போர்ட் இருந்ததா, அப்பா அம்மா எங்கே எப்போது பிறந்தார்கள், தாத்தா பாட்டி யாழ்ப்பாணம் மன்னார் பக்கமா அல்லது தோட்டத்து மலையகமா (இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன வழியா), திருமணம் எங்கே நடந்தது, பதிவு செய்தார்களா, இவ்வளவையும் எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் "நாங்கள் எந்தத் தோட்டத்தில், எந்த டிவிஷனில் இருந்தோம்" என்பதைச் சொல்லக்கூடியவர் பல வீடுகளில் ஒரே ஒரு பாட்டிதான்.

அந்தத் தாளில் முதலில் பார்க்கவேண்டியது பிறந்த தேதி. இந்தியாவில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். தூதரகக்காரர்களின் பிள்ளைகள் போன்ற ஒன்றிரண்டு விலக்குகள்தான் உண்டு, நம் கதைக்கு அவை பொருந்தாது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்த முதல் அலையில், மண்டபம் முகாமிலோ வேறு எங்கோ 1987 ஜூன் முடிவதற்குள் பிறந்த குழந்தைகள் இதில் அடங்குவார்கள். இன்று அவர்களுக்கு நாற்பது வயதுக்குப் பக்கம், பலருக்கு இது தெரியாது, இன்னும் முகாம் செக்கிங்கில் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுகிறார்கள். இந்தப் பிரிவை வைத்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், 2022இல் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்ட முகாம்காரர் இருக்கிறார். ஆகவே உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவருடைய தாளைத் தனியே மேலே எடுத்து வையுங்கள், அவர்தான் உங்கள் குடும்பத்துக்கே சாவி.

ஏன் சாவி என்றால், அடுத்த கட்டம் இப்படி: 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். அதாவது 1984இல் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு 2003இல் பிறந்த பிள்ளை, அம்மா வழியாகவே இந்தியக் குடிமகன். அதே பெண்ணுக்கு 2006இல் பிறந்த அடுத்த பிள்ளைக்கு இது போதாது. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்கவேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்கவேண்டும். பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவரையும், விசாவோடு விமானத்தில் வந்து காலம் முடிந்தும் தங்கியவரையும் சட்டம் அந்தப் பெயரில்தான் அழைக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் இந்தியன், தம்பி எந்த நாடும் இல்லாதவன் என்று ஆகிறது. இதில் நியாயம் எங்கே என்று கேட்டால் எனக்கும் தெரியவில்லை, ஆனால் சட்டம் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இதே கண்ணி கடலூர்ப் பக்கத்து மாப்பிள்ளைகளையும் பிடிக்கிறது. உள்ளூர்ப் பையன் முகாம் பெண்ணைக் கட்டிக்கொண்டால் பிள்ளைகள் இந்தியர்கள்தானே என்று மாமியார் வீடு முழுக்க நினைத்துக்கொண்டிருக்கும். 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அது தானாகக் கிடைத்துவிடாது, கேள்வி வந்தால் வாதாடவேண்டிய விஷயம். அதனால் கல்யாணத்தைக் கோயிலோடு நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணத்துக்கும் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்யவேண்டும், அதன்பிறகு 60 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம்.

இரண்டாவது பார்க்கவேண்டியது தாத்தா பாட்டி. மலையக வழி என்றால் கதை 1948க்குப் போகிறது. இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பங்குபோட்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். இதில் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டும் கிளம்ப முடியாமல் போனவர்கள் உண்டு, ஏனென்றால் 1984இல் ராமேஸ்வரம், தலைமன்னார் கப்பல் நின்றுவிட்டது. 1977, 1983 கலவரங்களில் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடி, அங்கே போர் துரத்த, படகேறி இங்கே 'அகதி'யாக வந்து இறங்கியவர்களில் இப்படிப்பட்ட குடும்பங்களும் இருக்கின்றன. எனவே பெட்டியின் அடியில், சாமி படத்துக்குப் பின்னால், எங்காவது பழைய இந்தியப் பாஸ்போர்ட், கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை, அல்லது ஒப்பந்தத்தில் முன்பே வந்து நீலகிரியில் குடியேறிய பெரியப்பாவின் தாயகம் திரும்பியோர் சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். காலாவதியான பாஸ்போர்ட் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இருந்தால் நீங்கள் கேட்பது புதுக் குடியுரிமையே அல்ல, ஏற்கெனவே கொடுத்த ஒன்றை ஒப்புக்கொள்ளச் சொல்வது. இதை வக்கீல் வைத்துச் செய்யுங்கள்.

காகிதம் ஒரு குடும்பத்தைப் பிரிக்கும் என்பது புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16 முதல் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர், கொடுக்காதவர் இந்தியர். இன்றும் ஒரே தெருவில் இரண்டு வகையும் உண்டு. முகாம்காரர்களுக்கு அந்தத் தெரிவையாவது யாராவது தந்திருக்கலாம்.

இலங்கைப் பக்கத்துக் காகிதம்

1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைகளின் உண்மையான ஆபத்து, இரண்டு பக்கமும் இல்லாமல் போவது. நம் ஊரில் கொடுக்கும் பிறப்புச் சான்றிதழ் எங்கே எப்போது பிறந்தார் என்பதற்குத்தான் சாட்சி, எந்த நாட்டுக்காரர் என்பதற்கு அல்ல. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை இலங்கைக் குடிமகனாக வேண்டுமென்றால் பிறப்பை ஓராண்டுக்குள் அந்த நாட்டுத் தூதரகத்தில் பதியவேண்டும், தாண்டினால் கொழும்பின் அனுமதியோடு தாமதப் பதிவு. சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகம்தான் இடம். இந்தியப் பிறப்புச் சான்று, பெற்றோரின் இலங்கைப் பிறப்பு அத்தாட்சி, திருமணப் பதிவு, முகாம் அடையாள அட்டை ஆகியவை அடிப்படை. பெற்றோரின் பிறப்பு அத்தாட்சி தொலைந்திருந்தால் ஊரில் இருக்கும் உறவினர் மூலம் அந்த மாவட்டத்துப் பதிவாளரிடம் நகல் எடுக்கலாம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், எல்லாரும் ஓஃபர் என்று சொல்வது, 1984இல் இருந்து முகாம்களில் வேலை செய்கிறது, இந்தப் பதிவு வேலையில் பழக்கம் உள்ளவர்கள். முகாமில் அவர்களின் ஆள் யார் என்று கேட்டுப் பிடியுங்கள்.

மலையக வழிக்காரர்களுக்கு இலங்கையில் தனிச் சட்டமே இருக்கிறது: 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரையும் அவர்கள் பிள்ளைகளையும் குடிமக்கள் ஆக்கியது. நாட்டை விட்டு ஓடி வந்ததால் 'அங்கே வசிக்கவில்லை' என்ற காரணத்தில் நம் முகாம்காரர்கள் விடுபட்டுப்போகாதபடி 2009இல் திருத்தமும் செய்தார்கள்.

"இங்கேயே இருக்கப்போகிறோம், எதற்கு இலங்கைக் காகிதம்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் கருத்து: பெரும்பாலானோர் வாங்கவேண்டும். எந்த நாடும் இல்லாமல் இருப்பதைவிட ஒரு நாட்டுப் பாஸ்போர்ட்டோடு இங்கே நிற்பது எல்லாக் கதவிலும் மேல், இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் "நீ எந்த நாடு" என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. ஆனால் ஒரு விலக்கு, அதைத் தடித்த எழுத்தில் படியுங்கள்: 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவரும், அவர் வழியாகக் குடிமகன் ஆகக்கூடிய பிள்ளையும் வக்கீலைக் கேட்காமல் இலங்கைப் பதிவுக்குப் போகக்கூடாது. குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, இந்தியக் குடிமகன் தானாக விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்கிறது. முகாமில் கூட்டம் போட்டு "எல்லாரும் பதியுங்கள்" என்று சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் இப்படிப்பட்ட சிலரை மறந்துவிடுகிறார்கள்.

இந்தியப் பக்கம்

இந்திய வம்சாவளியினர் ஏழு ஆண்டு வசித்தால் 5ஆம் பிரிவில் பதிவு மூலம், மற்றவர்கள் 6ஆம் பிரிவில் நீண்டகால வசிப்பு மூலம் என்று வழிகள் இருக்கின்றன, இரண்டிலும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல் வாசலில் நிற்கிறது. 2019 திருத்தச் சட்டம் அந்தச் சொல்லைப் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்த ஆறு மதத்தவருக்கு எடுத்துவிட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை, 'நாங்களும் இந்துக்கள்தானே' என்று வாதாடிப் பயனில்லை. 2019 ஜூனில் மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களின் இந்திய வம்சாவளியினர் 65 பேர் வழக்கில், அவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆட்சியர் அதை மத்திய அரசுக்கு அனுப்பவேண்டும், 16 வாரத்தில் முடிவெடுக்கவேண்டும் என்று சொன்னது. மலையக வழிக்காரர்கள் மனுவோடு இந்தத் தீர்ப்பின் நகலை இணையுங்கள். விண்ணப்பம் ஆன்லைனில் போட்டு, அச்செடுத்து, ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். கீழ்புதுப்பட்டுக்காரர்கள் கவனம்: ஊரார் பேச்சில் அது பாண்டி முகாம், காகிதத்தில் விழுப்புரம் மாவட்டம், புதுச்சேரி ஆட்சியரிடம் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

2025 செப்டம்பர் 1இல் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் வந்தபோது, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவும் செய்த இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளில் இருந்து விலக்குக் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் இதைக் 'குடியுரிமை கிடைத்துவிட்டது' என்று பரப்பினார்கள். வழக்குப் பயம் போனது, அவ்வளவுதான். இதில் முக்கியமான சொல் 'பதிவு'. வெளிப்பதிவில் (முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்து வசிப்பது) இருந்துகொண்டு அதைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள், முகாம் பதிவேட்டில் பெயர் வெட்டுப்பட்டவர்கள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வருவாய் ஆய்வாளரிடமும் (ஆர்.ஐ.) முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிராஞ்ச் போலீசிடமும் பணிவாகப் பேசுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

பெயர், தேதி, ஆஸ்பத்திரி

நடைமுறையில் ஆளைக் கொல்வது இதுதான். பிரசவத்துக்கு கோரிமேடு ஜிப்மருக்குப் போனால் பிறப்பு புதுச்சேரியில் பதிவாகும், கடலூர் அரசு மருத்துவமனை என்றால் கடலூரில். பிறந்த இடத்தில்தான் பதிவு, குடியிருக்கும் இடத்தில் அல்ல. 21 நாளுக்குள் கட்டணமில்லை, ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் அளவில் உத்தரவு வாங்கவேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்று ஒன்றுதான் ஆதாரம், எனவே டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இலங்கைப் பழக்கத்தில் அப்பா பெயர் முழுதாக முன்னால் வரும், இங்கே கிளார்க் அதை ஒரு இனிஷியலாக நறுக்கிவிடுவார், மண்டபத்தில் வந்த அன்று எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். மூன்று காகிதத்தில் மூன்று பெயர். அப்பாவின் இலங்கை அத்தாட்சியில் எப்படி இருக்கிறதோ அதையே மூலமாக வைத்து மற்றதை அதற்குத் திருத்துங்கள்.

அசல்களை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை குத்த இடமிருக்காது. பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது, இதற்குமேல் விளக்கவேண்டியதில்லை. ஸ்கேன் செய்து மெயிலிலும் வையுங்கள்.

அதுவரைக்கும் வாழ்வது எப்படி

ஆதார் வசிப்பவருக்கானது, குடிமகனுக்கானது அல்ல, ஆகவே அதை வாங்குவதில் தவறில்லை. எங்கே குடியுரிமையைக் கேட்கும் கட்டம் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். பான் கார்டுக்கே இந்தியருக்கு ஒரு படிவம், வெளிநாட்டவருக்கு வேறு படிவம். ஏஜென்ட் "எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்" என்பார். வாக்காளர் பட்டியலில் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, பாஸ்போர்ட்டில் பொய் சொன்னால் இன்னும் மோசம். அதைவிட, பத்து வருடம் கழித்து நேர்மையாகக் குடியுரிமை கேட்கும்போது இந்த ஒரு டிக் உங்கள் கழுத்தைப் பிடிக்கும். கட்சிக்காரர் கொண்டுவந்து தரும் வாக்காளர் அட்டை இனாம் அல்ல.

அடுத்தது மனை. பெயின்ட் வேலையிலும் சிப்காட்டிலும் வியர்வை சிந்திச் சேர்த்த காசைப் போட்டு, தெரிந்த உள்ளூர்க்காரர் பெயரில் இரண்டு சென்ட் வாங்குகிறார்கள். அந்நியச் செலாவணி விதிகளின்படி இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்கமுடியாது, ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டும் விலக்கு. வேறொருவர் பெயரில் வாங்கினால் பினாமிச் சட்டம் வரும், அவர் நாளைக்கு "இது என் இடம்" என்றால் கேட்க நீதிமன்றம் போகவும் முடியாது. நல்ல மனிதர்தான், அவர் செத்தபிறகு அவர் பிள்ளைகள்? ஐந்து வருடத்துக்குள் அடங்கும் குத்தகைப் பத்திரம் போட்டுக் கடை நடத்துங்கள், மிச்சத்தைப் பிள்ளைகள் படிப்பில் போடுங்கள். குடும்பத்தில் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவருக்குக் குடியுரிமை நிரூபணமாகிவிட்டால் அவர் தன் காசில் தன் பெயரில் தாராளமாக வாங்கலாம், அதனால்தான் அந்தத் தாளை மேலே வைக்கச் சொன்னேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிடலாம் என்று உள்ளூர் நண்பர்கள் யோசனை சொல்வார்கள். அந்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும். அதற்குப் பதில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், அங்கே யாரும் குடிமகனா என்று கேட்டு மனுவை மறுப்பதில்லை. வக்கீலுக்குக் காசில்லை என்றால் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறது, அதில் 'குடிமகன்' என்ற நிபந்தனை இல்லை. எந்த மனுவாக இருந்தாலும் தேதி முத்திரை போட்ட நகல் கையில் வராமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள். நீதிமன்றத்தில் முதலில் கேட்பது "எப்போது விண்ணப்பித்தீர்கள், ஆதாரம் எங்கே" என்பதைத்தான்.